வழக்கம்போல் ஊதவும்

ஈரக் குடையை அந்தச் செற்றியின்மேல் வைக்காதீர்கள், தம்பி. அசல் தேக்கில் செய்த இருக்கை. தண்ணீர் பட்டால் வெள்ளை வெள்ளையாகக் கறை விழும். இந்த ஹில்ஸ்பரோ மழைக்கு நேரங்காலம் கிடையாது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பெய்யும். குடையை வாசலில் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். என் மனைவி டோறின் தேத்தண்ணீர் கொண்டுவருவாள்.

ஒலிப்பதிவு ரேப் சுழல்கிறதா? நல்லது. நான் மேடையில் பேசிப் பழகியவன். எழுதுவதுபோலத்தான் பேசுவேன். தட்டெழுதும் பிள்ளைக்குக் கஷ்டம் இராது.

என் பெயர் சில்வெஸ்ரர். வயது அறுபத்தேழு. சேந்தன்முனை விழும்வரை ஐந்து வருடம் அதன் நகரசபைத் தலைவராக இருந்தேன். இந்த ஒக்லாந்துக்கு வந்து ஆறு வருடமாகிறது. நீங்கள் கண்மணியின் வழக்கறிஞர் கோதண்டராமன். மேசைமேல் நீங்கள் வைத்த இரண்டையும் பார்த்துவிட்டேன். ஒன்று, குடிவரவு அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் பிரதி. மற்றது, கண்மணியின் தகப்பன் சபாரத்தினத்தின் கொப்பி, பள்ளிக்கூட நோட்டு. இரண்டையும் மறுக்கப்போவதில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு நெளிவது அசிங்கம். அசிங்கம் என்றாலே எனக்குக் குமட்டும், சிறுவயதிலிருந்தே அப்படித்தான்.

நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் ஊரைத் தெரிந்திராது. மூன்று பக்கமும் தண்ணீர், ஒரு பக்கம் பாலம். அவ்வளவுதான் சேந்தன்முனை. நடுவில் நகரசபையின் தண்ணீர்த் தாங்கி. அதன் உச்சியில் சங்கு. மின்சாரத்தில் ஊதுகிற சங்கு. காலை ஆறுக்கு, எட்டுக்கு, மத்தியானம் பன்னிரண்டுக்கு, ஒன்றுக்கு, மாலை ஐந்துக்கு. ஊர் முழுவதும் அந்தச் சங்கைத்தான் நம்பியது. கையில் மணிக்கூடு கட்டியிருப்பவன்கூடச் சங்கு ஊதினால்தான் கடையைப் பூட்டுவான். பெண்கள் பன்னிரண்டுச் சங்குக்குச் சோறு வடிப்பார்கள். கண்ணை நம்பாத சனம், காதையும் நம்பாது, சங்கை நம்பும்.

ஒரு பெரும் புயலுக்குப் பிறகு இன்னொரு வழக்கமும் வந்தது. சங்கு விடாமல் ஐந்து நிமிடம் ஊதினால் ஆபத்து, எல்லோரும் எடுத்தது பிடித்தது என்று பாலத்தைக் கடக்க வேண்டும். அதை நெடுஞ்சங்கு என்பார்கள். ஒருமுறை கடல் பொங்குகிறது என்று யாரோ கதை கட்ட, நெடுஞ்சங்கு ஊதி, ஊரே அக்கரைக்கு ஓடிப் போய் நின்றது. கடல் தன்பாட்டில் கிடந்தது. மந்திரி தொலைபேசியில் என்னைக் கேட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து என் கையெழுத்தில்லாமல் நெடுஞ்சங்கு ஊதக்கூடாது என்று உத்தரவு போட்டேன்.

சங்கை ஊதுகிற வேலை சபாரத்தினத்துடையது. மெலிந்த மனிதன். எப்போதும் மண்ணெண்ணெய் மணக்கும். ஒவ்வொரு நாளும் வானொலியோடு நேரத்தைச் சரிபார்ப்பான். பதினெட்டு வருடத்தில் ஒரு நிமிடம் பிந்தவில்லை என்று அவனுக்குப் பெரிய பெருமை. அலுவலகத்திலிருந்து போகிற உத்தரவுத் துண்டுகளை ஒரு கொப்பியில் சோற்றுப் பசை பூசி ஒட்டிவைப்பான். யார் அவனை அப்படிச் செய்யச் சொன்னது என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஆயுதக்காரர்கள் இரண்டு வாரமாக அக்கரையில், பெருந்தெருவுக்குத் தள்ளியிருந்த காட்டில் இருந்தார்கள், தெரு இன்னும் திறந்திருந்தது. பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். ஊருக்குக் காவல் இராணுவ முகாம். முகாம் பெரியவர் திங்கட்கிழமையே என்னை அழைத்து, தாங்கள் வியாழன் காலையில் கப்பலேறுவதாகச் சொன்னார். இரகசியமாகத்தான் சொன்னார். எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. உடனே மந்திரிக்குப் போன் எடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "சில்வெஸ்ரர், ஊர் காலியானா நாங்கள் தோத்துட்டம் எண்டு அர்த்தம். சனம் இருக்கோணும். நீர் உம்மட பாட்டைப் பாரும்."

அதற்கு மூன்று நாள் முன்பு அவர் தன் பாட்டைப் பார்த்துவிட்டார். குடும்பத்தோடு கொழும்பு. பாராளுமன்ற உறுப்பினர் சிங்கப்பூரில் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தார், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற மனிதர். பொலிஸ் பெரியவருக்குத் திடீரென்று மைத்துனியின் கலியாணம். வெட்கங்கெட்ட கூட்டம். நான் ஒருவன்தான் வியாழக்கிழமைவரை ஊரில் நின்றேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தில் நானே போனேன். வதந்திகளை நம்பாதீர்கள், ஆபத்தென்றால் நெடுஞ்சங்கு ஊதும், அதுவரை யாரும் வீட்டைவிட்டு அசைய வேண்டாம் என்று சொன்னேன். நல்ல குரல் எனக்கு. சனம் வாசலுக்கு வந்து தலையாட்டியது.

வியாழன் காலை நகரசபை வாசலில் ஒரு கூட்டம். பாய், தலையணை, ஆடு, குழந்தை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து, ஐயா போகலாமா, ஐயா போகலாமா என்று. வியர்வையும் ஆட்டு மூத்திரமும் கலந்த நாற்றம் மாடிவரை வந்தது. ஒருத்தி என் கையைப் பிடித்தாள். ஈரக் கை. நான் உள்ளே போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். இவர்களுடைய வாக்குக்காக ஐந்து வருடம் பல்லைக் காட்டியிருக்கிறேனே என்று எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

வெளியே வந்து, வீட்டுக்குப் போங்கள், நான் இருக்கிறேன் என்றேன். போனார்கள்.

இப்போது நீங்கள் கேட்க வந்தது. அன்று நெடுஞ்சங்கு ஊதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பன்னிரண்டாயிரம் பேர், ஒரே பாலம். மாட்டு வண்டியும் சைக்கிளும் ஆடும் மாடுமாய்ப் பாலம் நெரிந்துபோயிருக்கும். வாகனம் எதுவும் நகர்ந்திராது. யோசித்துப் பாருங்கள், நீங்கள் படித்தவர். ஊரின் நிர்வாகம் என்பது நான்தான். நிர்வாகம் தப்பினால்தானே பிறகு ஊருக்காகப் பேச ஒரு வாய் இருக்கும்?

ஒன்பது மணிக்கு இரண்டு துண்டு எழுதினேன். ஒன்று பாலத்தில் நின்ற பொலிஸ் காவலுக்கு: பதினொன்றரைவரை பொதுமக்கள் எவரையும் கடக்க விடவேண்டாம். மற்றது சபாரத்தினத்துக்கு. அதுதான் உங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. "இன்று வழக்கம்போல் ஊதவும். நெடுஞ்சங்கு கூடாது." கீழே இருப்பது என் கையெழுத்துத்தான். சில்வெஸ்ரர் என்பதில் கடைசி ரகரத்தை நான் நீட்டி இழுப்பேன், இன்றும் அப்படித்தான்.

பத்து நாற்பதுக்குப் பாலத்தைக் கடந்தோம். மூன்று வாகனம். முதலாவதில் நானும் டோறினும். இரண்டாவதில் மகளும் மருமகனும். மூன்றாவது, நகரசபை அம்புலன்ஸ். காவலுக்கு நின்றவர்கள் சல்யூட் அடித்தார்கள். பாலத்தின் இக்கரையில் ஒரு நூறு பேராவது மறித்து நிறுத்தப்பட்டு வெயிலில் நின்றார்கள். அம்புலன்ஸைப் பார்த்ததும் யாரோ நோயாளி என்று தாமாகவே விலகி வழிவிட்டார்கள். அந்த ஒரு குணம் நல்ல குணம்.

நோயாளி இல்லை. அம்புலன்ஸில் இந்தச் செற்றி இருந்தது. இதே செற்றிதான். மூன்று பேர் உட்காருகிறது ஒன்று, கதிரை இரண்டு. என் தகப்பனார் செய்வித்தது, கறையான் ஏறாது. வேறெதிலும் அது கொள்ளவில்லை.

எழுந்துவிட்டீர்கள். பரவாயில்லை, அந்தப் பிளாஸ்ரிக் கதிரையில் இருங்கள். டோறினும் அதில்தான் இருப்பாள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடத்தில் ஒருநாள் செற்றியில் உட்கார்ந்ததில்லை. இடுப்பு வலி என்று நினைக்கிறேன்.

மீதியை நான் பார்க்கவில்லை, கண்மணி சொல்லித்தான் தெரியும். பன்னிரண்டுச் சங்கு சரியாக ஊதியது. தூரத்தில் வெடி கேட்டதாம். சங்கு வழக்கம்போல் ஊதுகிறதே, ஒன்றுமில்லை என்று ஊர் சோறு வடித்ததாம். பன்னிரண்டரைக்குப் பாலம் ஆயுதக்காரர்கள் கையில். காவல் அதற்கு முன்பே ஓடிவிட்டது. ஒரு மணிச் சங்கும் ஊதியது. தெருவில் துவக்கோடு ஆள் நடக்கிறது, மேலே சங்கு ஊதுகிறது. சபாரத்தினத்துக்கு வந்த துண்டில் வழக்கம்போல் என்றுதானே இருந்தது. பிறகு சனம் தண்ணீர்ப் பக்கம் ஓடி, கிடைத்த தோணிகளில் ஏறி, தோணிகள் கவிழ்ந்து, விசாரணை அறிக்கையில் செத்தவர்கள் நூற்றுப் பதினேழு என்று இருக்கிறது. பிள்ளைகளைத் தனியாகப் போட்டிருக்கிறார்கள்.

சபாரத்தினத்தை அவர்கள் தாங்கியின் அடியில் வைத்துச் சுட்டார்கள். சங்கு ஊதி இராணுவத்துக்குச் சைகை கொடுத்தானாம். மூன்று வருடம் கழித்து அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைத்தது, சேந்தன்முனை விழுந்ததற்கு யார் பொறுப்பு என்று. மந்திரி பொறுப்பில்லை, முகாம் பெரியவர் பொறுப்பில்லை, பொலிஸ் பொறுப்பில்லை. கொழும்பில் ஐந்து மாதம் ஏசி அறையில் உட்கார்ந்து இவர்கள் கண்டுபிடித்த குற்றவாளி ஒரே ஒருவன். நகரசபையில் நாலாந்தரச் சிற்றூழியன், சங்கு ஊதுபவன், சபாரத்தினம். ஆயுதக்காரர்களுக்குத் துணைபோய், நெடுஞ்சங்கை ஊதாமல் விட்டானாம். ஒரே சங்குக்கு இரண்டு பக்கமும் அவனைக் குற்றவாளி ஆக்கின.

"நகரசபையின் உயர் பதவியிலிருந்த ஒருவரின் சத்தியக் கடதாசிப்படி" என்று அறிக்கையில் ஒரு வரி வரும். அது நான். நெடுஞ்சங்கு ஊதச் சொல்லி ஒன்பது மணிக்கு உத்தரவு அனுப்பினேன், அவன் ஊதவில்லை என்று இங்கிருந்து எழுதி அனுப்பினேன். இறந்தவனுக்கு இனி என்ன நட்டம் என்று நினைத்தேன். உயிரோடிருப்பவர்களுக்குத்தான் பெயர் தேவை.

கண்மணி இங்கே வந்து சேருவாள் என்று யார் கண்டது? மவுண்ட் ரோஸ்கிலில் தேவாலயத்து மண்டபத்தில் ஒரு நத்தார்ப் பண்டிகைக் கூட்டம். ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "சேர்மன் ஐயா, என்னைத் தெரியுதோ? நான் சங்கு சபாரத்தினத்தின்ர மகள்" என்று அழுதாள். எல்லோரும் பார்த்தார்கள். தலையைத் தடவினேன். வேறென்ன செய்ய?

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வருவாள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி, புட்டும் மீன்கறியும் கொண்டுவருவாள். அந்த வாடை திங்கட்கிழமைவரை திரைச்சீலையில் நிற்கும். அவள் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சாப்பிடுவேன். ஊர் விழுந்த அன்று நான் கடைசிவரை நின்று போராடியதாக அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான்தான் சொல்லியிருப்பேன், ஏதாவது ஒரு கூட்டத்தில்.

தாய் மரகதத்தை இங்கே எடுப்பிக்க விண்ணப்பித்திருந்தாள். கமிஷன் அறிக்கையில் தகப்பன் பெயர் இருப்பதால் குடிவரவு அலுவலகம் விளக்கம் கேட்டது. ஒரு ஞாயிறு வந்து நின்றாள்.

"சேர்மன் ஐயா, நீங்கள் ஒரு கடிதம் தந்தாப் போதும். அப்பா அப்பிடிப்பட்ட ஆளில்லை எண்டு. உங்கட சொல்லை ஆரும் தட்டமாட்டினம்."

"தாறன் பிள்ளை" என்றேன். தரத்தான் நினைத்தேன். அவன் சொன்னதைச் செய்பவன் என்று இரண்டு வரி. அதனால் எனக்கு ஒன்றும் குறையாது.

சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "அம்மா வரேக்க அப்பான்ர கொப்பியும் வரும் ஐயா. ஒப்பீசால வாற துண்டெல்லாம் ஒட்டி வச்சிருக்கிறார். கடைசி நாளான்ர துண்டும் இருக்காம். நான் விரிச்சுப் பாத்ததில்லை. அம்மா சாமிப்படத்துக்குக் கீழ வச்சிருக்கிறா, ஒருத்தரையும் தொட விடா. இஞ்ச வந்ததும் உங்களிட்டத் தரச் சொல்லுறன். உங்களுக்குத்தானே விளங்கும்."

சபாரத்தினம் துண்டுகளை ஒட்டிவைப்பவன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். அன்று மாலையே கடிதம் எழுதினேன். நல்ல தாளில், ஆங்கிலத்தில், முன்னாள் நகரசபைத் தலைவர் என்று போட்டு. நீங்கள் படித்திருக்கிறீர்கள். சபாரத்தினம் ஆயுதக்காரர்களோடு தொடர்புள்ளவன் என்பதை நேரில் அறிவேன். மனைவிக்கும் அதில் பங்குண்டு. அந்தப் பெண்ணை அனுமதிப்பது உங்கள் நாட்டுக்கு நல்லதல்ல. மூன்றாவது வசனத்தைக் கொஞ்சம் மென்மையாகவே எழுதினேன்.

அடுத்த ஞாயிறு உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். மழை. நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். இந்த ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். பிரித்துப் பார்க்கவில்லை. வளர்த்த விதம் நல்லது, அதையும் சொல்ல வேண்டும்.

விசா மறுத்துவிட்டார்கள். மரகதம் கொழும்பில் ஒரு லொட்ஜில் பதினாலு மாதம் இருந்தாள். நெஞ்சு நோவு. பார்க்க ஆளில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டித் திறக்காமல் உடைத்தார்களாம். கண்மணியால் போக முடியவில்லை, அவளுடைய பயணக் கடதாசிகள் இன்னும் சரிவரவில்லை. அந்த ஞாயிறும் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் ஜெபம் சொன்னேன், நீளமாகவே சொன்னேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். சட்டை நனைந்தது.

ஆனால் பாருங்கள், லொட்ஜ்காரன் நேர்மையான மனிதன். மரகதத்தின் சாமான்களைப் பொதி கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டான், கொப்பியோடு. அவள் உயிரோடு வந்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும். ஆகவே நான் கடிதம் எழுதியிருக்காவிட்டாலும் முடிவு ஒன்றுதான். இதை நீங்கள் என் பக்க நியாயமாகக் குறிக்கலாம்.

தகப்பன் பெயரை அறிக்கையிலிருந்து எடுப்பிக்கத்தான் உங்களிடம் வந்திருக்கிறாள், அப்படித்தானே? கொப்பியைப் பிரித்துப் பார்க்காமலே தந்து, குடிவரவு அலுவலகக் கோப்பைப் பார்க்கக் கையெழுத்தும் வைத்திருக்கிறாள். இந்த நாட்டில் கேட்டால் கோப்பைக் காட்டிவிடுகிறார்கள். அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. எங்கள் ஊரில் கோப்பு என்றால் உள்ளே போனது வெளியே வராது.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் வேண்டும் என்றீர்கள். தருகிறேன். ஊர் விழப்போவது எனக்கு மூன்று நாள் முன்பே தெரியும். நெடுஞ்சங்கை நிறுத்தியது நான். பாலத்தை மறித்தது நான். என் வாகனங்களுக்கு வழி தேவைப்பட்டது. பழியை அந்த மனிதன்மேல் போட்டது நான். அவன் மனைவியை வரவிடாமல் செய்ததும் நான். ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் யோசித்துச் செய்ததுதான். மந்திரி பெயரையும் மற்றவர்கள் பெயரையும் தனித் தாளில் எழுதித் தருகிறேன். அவர்களும் வரட்டும்.

தட்டெழுதியதும் கொண்டுவாருங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் "தப்பி ஓடினேன்" என்று போடாதீர்கள். "புறப்பட்டேன்" என்று போடுங்கள். பதவியில் இருந்தவனைப் பற்றி எழுதும்போது ஒரு மரியாதை வேண்டும்.

தேத்தண்ணீரை நீங்கள் தொடவேயில்லை. ஆறிவிட்டது. டோறின் அங்கே கதவோரம் நிற்கிறாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. என்னைப் பார்க்காமல் உங்களைத்தான் பார்க்கிறாள்.

"தம்பி, ரேப் எல்லாத்தையும் பிடிச்சிட்டுதோ?"

அவள் கேட்கிறாள். சொல்லுங்கள்.

"ஆமாம்மா. எல்லாம் பதிவாயிடுச்சு."

போகும்முன் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். இன்று வெள்ளி. கண்மணியிடம் திங்கட்கிழமை சொல்லலாமே. இந்த ஞாயிறு நண்டுக்கறி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் மனம் எனக்குத் தெரியும், முன்கூட்டியே கேள்விப்பட்டால் தாங்கமாட்டாள். பிறகு எப்படிப் பரிமாறுவாள்?